துண்டு கேக்குற மூஞ்சி

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடிக்குப் போகிற சாலையில், கோழிக்கடைக்கு அடுத்த சந்தில் இருக்கிறது முத்திருளனின் வீடு. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்க மாட்டார். நிற்கச் சொல்லிப் பாருங்களேன். ஒரு சுவரில் சிலந்தி பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு கண், வெறும் கண் மட்டும், பலூனாகி வானத்தில் பறக்கிறது. எதிர்ச்சுவரில் மலைக்குப் பின்னாலிருந்து ஒற்றைக்கண் ராட்சசன் எட்டிப் பார்க்கிறான். மற்ற வீடுகளில் முருகனும் மீனாட்சியும் கல்யாண போட்டோவும் இருக்கிற இடத்தில் இதெல்லாம் இருந்தால் சிலிண்டர்காரர் என்ன செய்வார், பாவம்? குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் ஓடிவிடுவார்.

இத்தனைக்கும் முத்திருளன் கொசுவைக்கூட அதட்டாத ஆள். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். காலையில் டிபன் கேரியரை பைக்கில் மாட்டிக்கொண்டு போவான், சாயங்காலம் அதே கேரியரில் பக்கோடா வாங்கி வைத்துக்கொண்டு வருவான். சீட்டு கிடையாது, பாட்டில் கிடையாது, கட்சி கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்குக்குப் பெயர் ஓதிலோன் ரெதோன். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட பிரெஞ்சு ஓவியர். கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு மனசுக்குள் ஓடுவதை வரைந்த ஒரு கூட்டம் அந்தக் காலத்தில் இருந்தது. குறியீட்டு ஓவியர்கள் என்பார்கள். அதில் பெரிய ஆள்.

இந்தக் கிறுக்கு பிடித்தது ஒரு காலண்டரால். பெட்டிகளில் அச்சடிக்க மை விற்கிற கம்பெனிக்காரர்கள், எங்கள் மை எப்படி எடுப்பாக விழுகிறது பாருங்கள் என்று காட்டுவதற்காக ஒரு வருஷம் ரெதோன் படங்களைப் போட்டு காலண்டர் கொடுத்தார்கள். மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பேய்ப் படமாட்டம் இருக்கு" என்று ஸ்டோருக்குத் தள்ளிவிட்டார். அதில் செப்டம்பர் மாதத் தாளில் ஒரு முகம். தோளுக்குக் கீழே நீரோ நிலமோ என்று தெரியாத ஒரு பரப்பு. தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. அவ்வளவுதான் படம். லோடு இறக்கி முடித்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்த முத்திருளன் அதைப் பார்த்தான். தகரக் கூரைக்குக் கீழே, மெஷின் போடுகிற அத்தனை சத்தத்துக்கும் நடுவில், அந்த முகத்தைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லாதது போலத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் அவனுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அக்டோபர் பிறந்தும் தாளைத் திருப்ப மனசு வரவில்லை. விளைவு என்ன? அக்டோபரில் போன சரக்குக்கெல்லாம் செப்டம்பர் தேதி விழுந்தது. மேனேஜர் ஸ்டோர் வாசலில் நின்று ஆடிய ஆட்டம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. முத்திருளன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். சாயங்காலம் அந்தத் தாளைக் கிழியாமல் கழற்றி, சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

காலண்டர் தாள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ராமபாணப் பூச்சி வந்து நெற்றியைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் அவன் நல்ல பிரிண்ட் என்றால் என்ன என்று தேட ஆரம்பித்தான். அசல் ஓவியங்கள் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கிற அருங்காட்சியகங்கள் சில, படத்தைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. அதைப் பஞ்சில் செய்த நல்ல தாளில், வெளுக்காத மையில், அசல் அளவிலேயே அச்சடித்து வாங்கினால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். இதையெல்லாம் செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டு அவன் போய் நின்ற இடம், கீழமாசி வீதிப் பக்கம் ஹரிராம் நடத்துகிற படக்கடை.

ஹரிராம் சௌராஷ்டிரக்காரர். சாமி படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். கடையின் பின்பக்கம் அவர் மகன் சாய்பிரசாத் கல்யாண ஆல்பங்களுக்காக ஒரு பெரிய பிரிண்டர் வைத்திருந்தான். அந்தப் பிரிண்டருக்கு முன்னால் முத்திருளன் வந்து நின்றால் சாய்பிரசாத் மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவான். ரெதோன் பாதி ஆயுசு வரைக்கும் கரியில்தான் வரைந்தார், ஐம்பதை ஒட்டித்தான் வண்ணத்துக்கு வந்தார். அந்தக் கரிப் படங்களின் கருப்பு முத்திருளனுக்கு லேசில் திருப்தியாகாது.

"அண்ணே, கருப்புல என்னண்ணே வித்தியாசம்? கருப்பு கருப்புதானே?"

"எப்பிடிடா? காக்கா கருப்பு வேற, அடுப்புக்கரி கருப்பு வேற. நீ எல்லாத்தையும் தார் ரோடாக்கி வச்சிருக்க. இன்னொருக்க எடு."

இன்னொருக்க எடுப்பான். அதற்கப்புறமும் இன்னொருக்க. ஹரிராம் கல்லாவிலிருந்து மகனைப் பார்த்துச் சிரிப்பார். வீட்டிலிருந்து மனைவி சாரதாம்பாள் போன் செய்து சாப்பிட வரவில்லையா என்று கேட்டால், அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லிவிட்டு இன்னும் சிரிப்பார். சொன்னது தன்னைப் பற்றித்தான் என்று முத்திருளனுக்குத் தெரியும். அவனும் சிரித்துவைப்பான்.

செப்டம்பர் முகத்தை முதன்முதலாகப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போடக் கொடுத்துவிட்டு வந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. மறுநாள் போய் வாங்கினால், கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராகக் குங்குமப் பொட்டு. சட்டத்தைச் சுற்றிச் சந்தன நிறத்தில் பிளாஸ்டிக் மாலை. கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு, வயரோடு.

"அண்ணே, என்னண்ணே இது?"

"மாலைக்குத் தனியா எதுவும் வேணாம் முத்திருளன். நம்ம கடை வழக்கம்." ஹரிராம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொந்தமா? எப்ப தவறினாங்க?"

முத்திருளன் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சாய்பிரசாத் பின்பக்கம் பிரிண்டரைக் கட்டிக்கொண்டு சிரித்தான். ஹரிராமைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் யார் கண்ணை மூடியபடி படத்தில் இருக்கிறார்கள்? செத்துப் பாடையில் படுத்தவர்கள்தான். மற்ற யாராக இருந்தாலும் போட்டோகிராபர், "கண்ண மூடிட்டீங்க, இன்னொன்னு எடுத்துக்குவோம்" என்று விடமாட்டார். கண் மூடிய படம் என்றால் பிரேதப் படம். அது வீட்டுச் சுவரில் ஏறாது.

தமிழ்ச்செல்வியும் இதையே வேறு மாதிரிச் சொன்னாள். தமிழ்ச்செல்வி முத்திருளனின் மனைவி. அங்கன்வாடியில் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சிலந்தி சிரிக்கிறது, கண் பறக்கிறது. எந்தப் பெண்ணுக்குத்தான் எரிச்சல் வராது?

"ஏங்க, ஒரு பூப் படம் வாங்கி மாட்டக் கூடாதா? இந்த ஒத்தக்கண்ணன் என்னையவே பாக்குறான். நான் எங்கிட்டு நின்னு சேலை மாத்த?"

முத்திருளன் ரெதோனின் பூஜாடிப் படம் ஒன்றை அச்சடித்து அவள் அலமாரிக்கு மேல் மாட்டினான். அது அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதைச் சொல்லமாட்டாள். மாதச் சம்பளத்தன்று புதுப் பிரிண்ட் வந்தால், அவன் கட்டிலில் சுத்தமான வேட்டியை விரித்து, கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு தாளைப் பிரிப்பான். "வந்துட்டாரு பிரசவ டாக்டரு. ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று அவள் வாசலில் நின்று கேட்பாள். கேலி செய்வாளே தவிர, கட்டிலுக்கு அடியில் அவன் கம்பெனி அட்டையில் செய்து வைத்திருக்கும் படப்பெட்டிக்குப் பக்கத்தில் ஈரத் துணி போடமாட்டாள். வேறு யாரையும் போடவும் விடமாட்டாள்.

அந்த வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை நின்று நிதானமாகப் பார்த்த ஒரே மனிதர் அவனுடைய மாமனார் சிவனாண்டி. சோழவந்தானுக்கு மேற்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். தாராளமான வாய், அதைவிடத் தாராளமான கை. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார். மகளிடம் கொடுத்துவிட்டு நேராகப் படங்களுக்கு முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சிலந்தியைப் பார்த்து, "இவன் எங்கூரு தலையாரியாட்டம் இருக்கான்" என்பார். ஒருநாள் அந்தக் கண் மூடிய முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஆரு மாப்ள இது?"

"ரெதோன்னு ஒரு ஓவியரு மாமா, அவரு வரைஞ்சது."

"வரைஞ்சவரு கெடக்காரு. இது ஆரு? ஆம்பளையா பொம்பளையா?"

"சரியாத் தெரியல மாமா. அவரு சம்சாரத்தப் பாத்து வரைஞ்சதுன்னு சொல்றாக."

"செத்துப்போச்சா?"

"அய்யய்யோ, இல்ல மாமா. கண்ண மூடியிருக்கு. கனவு காணுறாக, தனக்குள்ளயே பாக்குறாக, அப்பிடின்னு எழுதியிருக்காக."

சிவனாண்டி மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். பின்னால் வந்தார். தலையை அந்த முகம் சாய்ந்த பக்கமே சாய்த்துப் பார்த்தார்.

"போ மாப்ள. கனவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தா தோளுக்குக் கீழ தண்ணி நிக்கிதுல்ல? முங்கி எந்திரிச்சிருக்காக. கண்ணுல தண்ணி வடியட்டும்னு நிக்கிறாக. துண்டு கேக்குற மூஞ்சி இது."

உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி கரண்டியோடு சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். "அய்யா, ஒங்களுக்கு ஒங்க ஞாபகம்!" என்றாள்.

அவள் சொன்னதில் காரணம் இருந்தது. சிவனாண்டி குளிக்கிற விதம் ஊருக்கே தெரியும். கொடிக்கால் வேலை முடிந்ததும் பம்புசெட் தொட்டியில் இறங்கி ஒரே முங்கு. எழுந்தால் கண்ணைத் திறக்கமாட்டார். முகத்தைத் துடைக்காமல் கண்ணைத் திறந்தால் எரியும் என்று சின்ன வயதிலிருந்து ஒரு பயம். அப்படியே நின்று கையை மட்டும் நீட்டுவார். கரையில் அவர் மனைவி ஒச்சாயி சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு நிற்பார். "இந்தாங்க" என்று அந்தக் கையில் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். என்றைக்காவது இரண்டு பேருக்கும் சண்டை என்றால் துண்டு தாமதமாக வரும். நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் அதைப் பார்த்தே, வீட்டில் இன்றைக்குச் சண்டை என்று தெரிந்துகொள்வார்கள்.

போட்டோவிலும் அவர் கண்ணைத் திறந்ததில்லை. தமிழ்ச்செல்வி கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், தாரை வார்க்கிற அப்பா கண்ணை மூடியிருக்கிறார், மொய் வாங்குகிற அப்பா கண்ணை மூடியிருக்கிறார், பந்தியில் சாப்பிடுகிற அப்பாவும் கண்ணை மூடித்தான் சாப்பிடுகிறார். பிளாஷ் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இமை தானாக விழுந்துவிடும். ஆதார் கேம்பில் "கண்ணத் தொறங்கய்யா, நல்லாத் தொறங்க" என்று அந்தப் பெண் கத்த, இவர் சேர்த்து வாயையும் திறந்துவிட்டார். பேயைக் கண்டவர் மாதிரி அந்த அட்டையில் இருப்பது ஒன்றுதான் அவர் கண் திறந்த படம்.

போன மாட்டுப்பொங்கலுக்குப் போயிருந்தபோது முத்திருளன் தொட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். மாமனார் முங்கி எழுந்தார். வெயில் சாய்வாக விழுந்தது. தோள் வரைக்கும் தண்ணீர், ஒருபக்கமாகச் சாய்ந்த தலை, மூடிய கண், நெஞ்சுக்கு முன்னால் நீட்டிய கை. அவனுக்குச் சிலிர்த்துவிட்டது. செல்போனை எடுத்து ஒரு படம் எடுத்தான். எடுத்ததைத் தமிழ்ச்செல்வியிடம் காட்டி, "பாரு, அப்படியே அந்தப் படம்" என்றான்.

"எங்கய்யாவையும் ஒங்க கிறுக்குல சேத்துட்டீகளா?" என்றாள் அவள். ஆனால் அந்தப் படத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, கொடிக்காலுக்குப் போன சிவனாண்டி வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு என்று ஊரே சொன்னது. இதைவிடப் பெரிய தொந்தரவு என்ன இருக்கிறது என்று தமிழ்ச்செல்விக்குத் தோன்றியது. வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. ஒச்சாயி அழக்கூட இல்லை. கொடியில் காய்ந்த அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டவர்தான், யார் கேட்டும் இறக்கவில்லை.

தமிழ்ச்செல்வியின் அண்ணன் காசிமாயன் எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தான். பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு வைத்திருந்தார்கள். செத்தவர் படத்தைத் துணி போட்டு மூடி வைத்து, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் திறப்பார், அதற்கப்புறம் அது வீட்டுச் சுவரில் ஏறும். அன்றையிலிருந்து அவர் முகம் என்றால் அந்தப் படம்தான். பேரன் பேத்தி எல்லாம் அதைப் பார்த்துத்தான் "எங்க தாத்தா" என்று சொல்லும். இப்போது அந்தப் படத்துக்குக் காசிமாயன் எங்கே போவான்? ஆல்பத்தில் கண் மூடிய அப்பாதான் இருக்கிறார். அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒரு பிளக்ஸ் கடையில் சந்தோஷமாகக் கண்ணைத் திறந்துகொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள், பின்னால் அருவி விட்டார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஊர் முழுக்க ஒட்டியாயிற்று.

காரியத்துக்கு நாலைந்து நாள் முன்னால் தமிழ்ச்செல்வியும் முத்திருளனும் சோழவந்தான் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். சுவரில் அப்பா. அப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வேற்றூர்ப் பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார் என்று போட்டிருந்தது. அவருக்கும் அதே வாரம்தான் சாவு. தமிழ்ச்செல்வி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அந்தக் கண்ணைப் பாருங்க."

முத்திருளன் பார்த்தான். இருவருக்கும் ஒரே கண். அச்சு அசல் அதே கண், அதே பளபளப்பு, அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி. அந்தக் கடையில் எல்லாச் சாவுக்கும் அந்த ஒரு ஜோடிக் கண்ணைத்தான் ஒட்டுவார்கள் போலிருக்கிறது.

"ஆரு கண்ணையோ ஒட்டி வச்சிருக்காக எங்கய்யாவுக்கு. ஆரு கண்ணோ!" சொல்லிவிட்டு அவள் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே, ஆளும் பேருமாக நிற்கிற இடத்திலேயே, அன்றைக்கு வரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அழுதாள். முத்திருளனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு அவள் சொன்னாள்.

"அந்தப் படந்தான் வீட்டுல ஏறப்போகுது. பேரன் பேத்தி எல்லாம் அந்தக் கண்ணைத்தான் தாத்தா கண்ணுன்னு நெனைக்கும். சொவரு பூராப் படம் மாட்டுன மனுசன் நீங்க. எங்கய்யா படம் ஒண்ணு கொண்டாங்க. அவரு மொகத்தோட கொண்டாங்க."

பதினைந்து வருஷமாகக் கேலி செய்தவள் கேட்கிறாள். முத்திருளன் அன்றைக்கே பஸ் ஏறி ஹரிராம் கடைக்குப் போனான்.

தொட்டியில் எடுத்த படத்தை சாய்பிரசாத் கம்ப்யூட்டரில் திறந்தான். "நல்லா வந்திருக்குண்ணே. கண்ண மட்டும் தொறந்து விட்டுரவா? அஞ்சு நிமிசம்."

"தொட்டீன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றான் கொசுவை அதட்டாத முத்திருளன்.

ஹரிராம் எழுந்து வந்தார். "முத்திருளன், கோவிச்சுக்காதீங்க. தவறிப்போனவங்களுக்குக் கண் மூடுன படம் எங்க கடையில நான் போட்டதே இல்ல. உங்க மச்சான் என்ன சொல்லுவாரு? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"தெரியலண்ணே. செல்வி கேட்டா. அவுக மொகம் இதுதான்."

ரெதோனின் அந்த முகத்துக்கு என்ன அளவோ அதே அளவு, அதே பஞ்சுத் தாள். தண்ணீரின் கருப்பு தாராக விழாமல், ஈரத் தலைமுடியின் கருப்பு அதோடு ஒட்டிவிடாமல் வருவதற்கு சாய்பிரசாத் கேட்காமலேயே இன்னொருக்க, இன்னொருக்க என்று எடுத்தான். ஹரிராம் தானே உட்கார்ந்து சட்டம் போட்டார். குங்குமச் செப்பை எடுத்தார். முத்திருளனைப் பார்த்தார். மூடி வைத்துவிட்டார்.

காரியத்தன்று பந்தலில் நாற்காலி மேல் காசிமாயனின் படம் பட்டுத்துணி போர்த்தி நின்றது. முத்திருளன் தன்னுடையதையும் துணி போர்த்திக் கொண்டுபோய் அதற்குப் பக்கத்தில் வைக்கவும், காசிமாயன் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"மாப்ள, என்ன இது? செத்த மனுசனுக்குக் கண்ண மூடுன படமா? பிரேதப் படத்தக் கொண்டாந்து பந்தல்ல வச்சா ஊரு காறித் துப்பாதா? ஒங்க வீட்டுல என்ன கண்றாவிய வேணும்னாலும் மாட்டிக்கங்க, எங்கய்யாட்ட வேணாம்."

சபையில் பேசி முத்திருளனுக்குப் பழக்கமில்லை. தமிழ்ச்செல்விதான் முன்னால் வந்தாள்.

"அண்ணே, ஒன் படத்துல இருக்கிற கண்ணு பஸ் ஸ்டாண்டுல இன்னொரு ஆளுக்கும் இருக்கு. அது அய்யா கண்ணு இல்லண்ணே."

"எனக்குத் தெரியாதா?" என்றான் காசிமாயன். அவ்வளவு பெரிய ஆம்பளை, மீசையும் அதுவுமாக, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதாடி? பொறந்ததுலருந்து ஒரு போட்டோவுலயாவது எங்கய்யா என்னையப் பாத்திருக்காரா? செத்த பெறகாவது சொவத்துலருந்து பாக்கட்டுமேன்னு நெனச்சேன். அது தப்பா?"

முத்திருளனுக்கு மச்சான் மேல் இருந்த பயமெல்லாம் போய், பாவமாகிவிட்டது. தன் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தான். அதற்குள் ஊர்ப் பெரியவர், "நேரமாகுதப்பா, ரெண்டையும் தொறப்போம். கட்டுன பொம்பள பாத்துச் சொல்லட்டும், எது ஏறணும்னு" என்று சொல்லிவிட்டார். ஒச்சாயியைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தார்கள். தோளில் அந்தத் துண்டு அப்படியே கிடந்தது.

முதலில் காசிமாயனின் படத்தைத் திறந்தார்கள். வெள்ளைச் சட்டை, அருவி, பளபளவென்று இரண்டு கண்கள். ஒச்சாயி பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

இரண்டாவது துணி விழுந்தது. தோள் வரைக்கும் தண்ணீர். மூடிய கண்ணில் நீர் வடிந்துகொண்டிருக்கிறது. கை நீட்டியிருக்கிறது.

ஒச்சாயி எழுந்தார். யாரும் எழுப்பவில்லை, தானாகவே எழுந்தார். பதினாறு நாளாக யார் கேட்டும் இறக்காத துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"ஆத்தாடி, எம்புட்டு நேரமாக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறீக" என்றார். "இந்தாங்க."

துண்டைச் சட்டத்தின் மேல் போட்டார். நழுவாமல் இருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான், அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, புருஷன் செத்ததற்கு முதன்முறையாக அழுதார். பந்தலே அழுதது. படத்தோடு துணைக்கு வந்திருந்த ஹரிராம் ஓரத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிரேதப் படம் என்று ஒரு வார்த்தை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

காசிமாயன் தன் படத்தைத் தானே எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். கையில் சுத்தியல் இருந்தது. முத்திருளன் முன்னால் வந்து நின்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"மாப்ள, ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஆணிய எங்கிட்டு அடிக்க?"

வெயில் படாத சுவராக, ஈரம் ஏறாத சுவராக முத்திருளன் காட்டினான். அங்கேதான் இன்றைக்கும் தொங்குகிறது. மாலை கிடையாது, பல்பு கிடையாது. துண்டு மட்டும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஒச்சாயி அதை எடுத்துத் துவைத்துக் கொடியில் போடுகிறார். காய்ந்ததும், "இந்தாங்க" என்று திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.